படம் காட்டும் ஆட்டம், புத்தகம் சொல்லும் ஆட்டம்

ரோபோ போட்டியில் அந்த ஆண்டுக்கான ஆட்டம் அறிவிக்கப்படும் நாளில் மாணவர் கைக்கு இரண்டு பொருள்கள் வந்து சேர்கின்றன. ஒன்று விதிநூல். மற்றொன்று சில நிமிடம் ஓடும் விளக்க அனிமேஷன். நம் பொறியியல் கல்லூரி அணிகள் அதைத் 'தீம் வீடியோ' என்பார்கள். விதிநூலைக் கடைசிப் பக்கம்வரை படிப்பவர்கள் அணிக்கு இருவரோ மூவரோதான் இருப்பார்கள். வீடியோவைப் பார்க்காதவர் ஒருவரும் இருக்கமாட்டார். ரோபோவின் உருவம் முதலில் மனதில் பதிவது அந்த வீடியோவிலிருந்துதான்.

அந்த வீடியோவில் ஓடும் ரோபோவே விதியை மீறுவதும் உண்டு. எல்லைக்கோட்டுக்கு அப்பால் சக்கரம் போய்விடும். ஒன்றைத்தான் பிடிக்கலாம் என்ற இடத்தில் இரண்டைத் தூக்கும். கை, அனுமதித்த நீளத்தைத் தாண்டி நீளும். இவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது ரோபோ மாணவர்களிடையே பழகிப்போன காரியம். 'அது வெறும் படம், விதிநூலைப் பார்' என்று ஒரு வரியில் பதில் சொல்லி அமைப்பாளர்கள் அதைக் கடந்துவிடுவதும் பழகிப்போனதே. அந்தப் பதில் சட்டப்படி சரி. ஆனால் போதாது என்பது என் உறுதியான எண்ணம். விதியை எடுத்து முதன்முதலாக நடத்திப் பார்ப்பவர் அனிமேஷன் கலைஞர். அவர் எந்த இடத்தில் தடுமாறினாரோ அந்த இடத்தில் நூற்றுக்கணக்கான அணிகளும் தடுமாறும். ஆகவே படத்தில் தெரியும் மீறல், விதியின் வாசகத்தில் எங்கோ தெளிவு குறைகிறது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை அந்தக் கோணத்தில் முழுக் கேள்வியையும் பார்க்க முயல்கிறது.

போட்டிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. 1988இல் மாணவர் ரோபோ போட்டியைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகத் தொடங்கியது. அதன் நீட்சியாக, ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் ரோபோகான் 2002இல் டோக்கியோவில் பிறந்தது. இந்தியாவில் அதற்கான தேசியச் சுற்றைத் தூர்தர்ஷன் நடத்துகிறது. அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பின் முதல் ரோபோ போட்டி 1992இல் 28 அணிகளுடன் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது. இரண்டு மரபிலும் ஆண்டுதோறும் ஆட்டம் மாறும். கிரிக்கெட்டுக்கும் கபடிக்கும் விளக்கப்படம் தேவையில்லை. பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். ஆண்டுக்கொரு புதிய ஆட்டம் என்றால் எவரும் அதை ஆடிப் பார்த்திருக்க முடியாது. ஆடப்படாத ஆட்டத்தை ஆடிக் காட்ட வேண்டிய பொறுப்பு அனிமேஷனுக்கு வந்தது அப்படித்தான்.

லகோரி: தெருவிலிருந்து விதிநூலுக்கு

இந்தியா ரோபோகானை மூன்று முறை நடத்தியிருக்கிறது: 2008இலும் 2014இலும் புனேயில், 2022இல் புது தில்லியில். 2022 ஆகஸ்ட் 21 அன்று நடந்த போட்டியின் ஆட்டம் லகோரி. தமிழ்நாட்டில் ஏழு கல் என்று ஆடுவார்களே, அதேதான். பெங்களூரில் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் சந்துகளில் தமிழ்ப் பிள்ளைகளும் கன்னடப் பிள்ளைகளும் சேர்ந்தாடும்போது அதன் பெயர் லகோரிதான். ரயில் பாதையை ஒட்டிய குறுகலான தெருக்கள். உடைந்த ஓட்டுச் சில்லுகளும் தளக்கல் துண்டுகளும் ஏழாக அடுக்கப்படும். ஒரு ரப்பர் பந்து. ஒரு கட்சி பந்தெறிந்து அடுக்கைக் கலைக்கும். கலைத்தவர்களே மறுபடி அடுக்க வேண்டும். அடுக்கி முடிப்பதற்குள் எதிர்க்கட்சி பந்தால் அவர்களை அடித்து வெளியேற்றப் பார்க்கும்.

இந்த ஆட்டத்துக்கு எழுதிய விதி எதுவும் கிடையாது. முழங்காலுக்குக் கீழே பட்டால் கணக்குண்டா, சுவரில் பட்டுத் தெறித்த பந்து செல்லுமா, ஒரு சில்லு சாக்கடையில் விழுந்துவிட்டால் என்ன என்பதெல்லாம் தெருவுக்குத் தெரு வேறு. சண்டை வந்தால் மூத்த பையன் சொல்வதுதான் தீர்ப்பு. அதிகம் நடக்கும் சண்டை 'பட்டது, படவில்லை' என்பதுதான். பந்து சட்டையை உரசிக்கொண்டு போனதா இல்லையா என்பது அடித்தவனுக்கும் ஓடியவனுக்கும் மட்டுமே தெரியும். இருவரும் நேரெதிராகச் சொல்வார்கள்.

ரோபோகான் விதிநூல் இதை எப்படிக் கையாண்டது என்பதைக் கவனித்தால், நல்ல விதி எப்படி அமைகிறது என்பது புரியும். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ரோபோக்கள். ஒரு சுற்றில் அடுக்கும் கட்சியாக இருந்த அணி, அடுத்த சுற்றில் அடிக்கும் கட்சியாகும். ஏழு கல் ஐந்து வட்டுகளாகக் குறைந்தது. வட்டுகளை அடுக்கும் ரோபோவின் உச்சியில் ஒரு பந்து வைக்கப்பட்டது. அதற்குத் 'தலைப்பந்து' என்ற பொருளில் ஒரு பெயரும் உண்டு. அடிப்பவர்கள் குறிவைக்க வேண்டியது ரோபோவின் உடலை அல்ல, அந்தப் பந்தை. அது விழுந்தால் அடி பட்டது என்று பொருள். 'பட்டதா, படவில்லையா' என்று தெருவில் தீராத சண்டையை, அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும் ஒரு காட்சியாக அந்த ஒரு விதி மாற்றிவிட்டது. இந்த ஏற்பாட்டை யோசித்தவரைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இதே விதியை அனிமேஷன் கலைஞரின் மேசைக்குக் கொண்டுபோவோம். கணினியில் பந்தை ரோபோவின் உச்சியில் வைத்து, இரண்டையும் ஒரே பொருளாகப் பிணைத்துவிடுவதுதான் எளிய வழி. அப்படிச் செய்தால் ரோபோ எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும், சட்டென்று நின்றாலும் பந்து அசையாது. உண்மையில் அசையும். ரோபோ தடாலென்று நிற்கும்போது, ஒருவரும் அடிக்காமலேயே பந்து விழலாம். அப்போது அது அடியா, இல்லையா? மறுபடி வைக்கலாமா? யார் வைப்பது, அதற்குள் கடிகாரம் ஓடுமா? படத்தைப் பார்த்தவர் மனதில் இந்தக் கேள்விகள் எழவே எழாது. மரப்பலகையும் மோட்டாரும் வைத்து ரோபோ செய்து பார்க்கும்போதுதான் எழும். அடுக்கு கலையும் காட்சியும் அப்படியே. படத்தில் வட்டுகள் அழகாகச் சிதறி, எடுக்க வசதியான இடங்களில் தட்டையாகப் போய் விழும். களத்தில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும், விளிம்பில் நிற்கும், உருண்டு எல்லைக்கு வெளியே போகும்.

அப்படியானால் விதிமீறலைக் கண்டுபிடிப்பது என்பது கோட்டைத் தாண்டிய சக்கரத்தைச் சுட்டுவதோடு முடிவதில்லை. படம் எந்தக் கேள்வியை எழவிடாமல் செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிபவை

நேரடியாகப் பிடிபடும் மீறல்களில் அளவு முதலில் வருகிறது. பள்ளி மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் இந்தியாவிலும் நடக்கிறது. அதில் ரோபோ தொடக்கத்தில் 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். ஆடுகளத் தரையோ 24 அங்குலச் சதுர மெத்தைகளால் ஆனது. பார்ப்பவர் கைக்கு ஓர் அளவுகோல் இங்கேயே கிடைத்துவிட்டது: தொடக்கத்தில் நிற்கும் ரோபோ ஒரு மெத்தையின் பக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் அடைத்தால் சந்தேகப்படலாம். 2024-25 பருவத்தின் 'இன்டு த டீப்' ஆட்டத்தில், நீண்டு விரியும் ரோபோவும் மேலிருந்து பார்த்தால் 42-க்கு 20 அங்குலச் செவ்வகத்துக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. நீளும் கையைப் படமாக்கும் கலைஞருக்கு இது இக்கட்டான விதி. கை நீள நீளக் காட்சி அழகாக இருக்கும். ஏறத்தாழ ஒன்றே முக்கால் மெத்தை நீளத்துக்குள் முழு ரோபோவும் அடங்க வேண்டும் என்பது சட்டென்று மறந்துபோகும்.

பெரிய ரோபோக்களின் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் இந்த எல்லை ஆண்டுதோறும் மாறுகிறது. ரோபோவின் சட்டத்துக்கு வெளியே நீளக்கூடிய தூரம் 2022இல் 16 அங்குலம், 2023இல் 48 அங்குலம், 2024இல் 12 அங்குலம். கடந்த ஆண்டின் கணினி மாதிரியை எடுத்துச் சிறு மாற்றங்களோடு இந்த ஆண்டும் ஓடவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

எண்ணிக்கையும் இதே கதைதான். ஒரே நேரத்தில் ரோபோ எத்தனை பொருளைக் கையாளலாம்? 2020இன் 'இன்ஃபினிட் ரீசார்ஜ்' ஆட்டத்தில் 5 பந்து, 2022இல் 2, 2023இலும் 2024இலும் 1. டெக் சேலஞ்சில் 2022-23இல் 1 கூம்பு, 2023-24இல் 2 அறுகோண வில்லைகள், 2025-26இல் 3 பந்துகள். இங்கே பார்ப்பவர் ஒரு நுணுக்கத்தை மறக்கக்கூடாது. பொருளைத் 'தொடுவது' வேறு, 'கையாள்வது' வேறு. ஓடும் வழியில் தரையில் கிடக்கும் பந்தில் தற்செயலாக முட்டினால் பொதுவாக அது கையாளுதல் ஆகாது. அதே பந்தைத் திட்டமிட்டு ஓரிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஆகும். படத்தில் ரோபோ ஒன்றைப் பிடித்தபடி இன்னொன்றைத் தள்ளுவது தெரிந்தால், கலைஞர் விதியை மீறினாரா, தற்செயலைக் காட்டினாரா என்று சொல்வது கடினம். மீறலைப் பட்டியலிடும் மாணவர்களுக்கிடையே வாதம் சூடாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அந்த வாதம் வீண் அல்ல. விதிநூலின் விளக்கச் சொற்கள் பகுதியை வரி வரியாகப் படிக்கவைப்பது அதுதான்.

மதிப்பெண் பிசகு இன்னொரு வகை. 2024இல் வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில் நடந்த ரோபோகானின் ஆட்டம் 'அறுவடை நாள்'. ஐந்து குதிர்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பந்துகள் கொள்ளும். ஒரு குதிர் ஓர் அணிக்குச் சொந்தமாக வேண்டுமானால் குறைந்தது இரண்டு பந்துகள் அந்த அணியின் நிறத்தில் இருக்க வேண்டும். மேலே இருப்பதும் அதே நிறமாக இருக்க வேண்டும். அப்படி மூன்று குதிர்களைப் பிடித்த அணி அந்த நொடியே வென்றுவிடும். சிவப்பு மேலேயும் நீலம் இரண்டு கீழேயும் இருக்கும் குதிரைக் காட்டி, சிவப்பு அணி கொண்டாடுவதுபோலப் படம் எடுத்தால் அது தவறு. ஆனால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு உச்சியில் இருக்கும் சிவப்பு மட்டுமே தெரியும். அதுவே விதி என்று மனம் எடுத்துக்கொள்ளும். இத்தகைய இரட்டை நிபந்தனை விதிகளில்தான் படம் செய்யும் தீங்கு பெரிது. ஒரு நிபந்தனை கண்ணில் பதிந்துவிடும், மற்றொன்று புத்தகத்திலேயே தங்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாதவை

ரோபோகானின் அண்மைப் போட்டிகள் பலவற்றில் ஓர் அணியின் ரோபோக்களுடைய மொத்த எடை 50 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மின்னழுத்தம் 24 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. அழுத்தக் காற்றுக்கு 600 கிலோபாஸ்கல் எல்லை. படத்திலிருக்கும் ரோபோவுக்கு எடையும் இல்லை, பேட்டரியும் இல்லை. அது ஒரே தாவலில் செய்யும் வேலையை 50 கிலோவுக்குள் 24 வோல்ட்டில் செய்ய முடியுமா என்பதைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. இதை மீறல் என்று எவரும் பட்டியலிடுவதில்லை. ஆனால் அணிகளை அதிகம் ஏமாற்றுவது இதுதான் என்று நினைக்கிறேன். முதலாண்டு மாணவர் படத்தில் கண்ட வேகத்தை இலக்காக வைத்துக்கொண்டு மோட்டார் தேடுகிறார். கிடைக்கும் மோட்டாரின் எடையைக் கூட்டிப் பார்க்கும்போதுதான் விஷயம் உறைக்கிறது.

தன்னியக்கமும் கண்ணுக்குத் தெரியாது. 2014இன் புனே போட்டியில் பெற்றோர் ரோபோ ஒன்றும் குழந்தை ரோபோ ஒன்றும் இருந்தன. பெற்றோரை மனிதர் இயக்கலாம். குழந்தை தானாக இயங்க வேண்டும். ஏற்றப்பலகை, கம்பங்களின் மேல் நடை, ஊஞ்சல், ஏறிவிளையாடும் கம்பிக்கூடு என்று குழந்தை ரோபோ விளையாட வேண்டும். 2024இலும் இரண்டாவது ரோபோ முழுக்கத் தன்னியக்கம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நகரும். எது தானாக நகர்கிறது, எதை யார் கையில் வைத்து இயக்குகிறார் என்று காட்டச் சிறு விளக்கோ நிறமோ வைத்தாலொழியப் பார்ப்பவருக்குத் தெரியாது.

2019இல் உலான்பாத்தரில் நடந்த போட்டியில், இரண்டாவது தூதர் ரோபோ நான்கு கால்களால் நடக்க வேண்டும் என்றார்கள். நடையை அனிமேஷனில் கொண்டுவருவது தனிக் கலை. கால் ஊன்றிய இடத்திலேயே நிற்க உடல் மட்டும் முன்னேற வேண்டும். கலைஞர் அவசரப்பட்டால் ஊன்றிய கால் தரையில் வழுக்கிக்கொண்டே வரும். நான்கு காலும் வழுக்கும் விலங்கு, விதியின்படி பார்த்தால் சக்கரத்தில் ஓடுவதற்கு ஒப்பானது. விதி தடுத்ததையே படம் செய்து காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

ஏன் நேர்கிறது

அனிமேஷன் கலைஞரைக் குறை சொல்வது எளிது, நியாயம் இல்லை. படம் உருவாக வாரக்கணக்கில் ஆகும். விதிகளோ அறிவிப்பு நாள் நெருங்கும்வரை திருத்தப்படலாம். வரைவு விதியை வைத்துப் படம் தொடங்கியிருப்பார்கள். கடைசியில் ஓர் எல்லையை ஓரடி நகர்த்துவார்கள். நகர்ந்த செய்தி படத்துக்கு வந்து சேராது. இன்னொரு காரணம் கதை சொல்லும் ஆசை. இரண்டரை நிமிட ஆட்டத்தின் எல்லா வாய்ப்புகளையும் மூன்று நிமிடப் படத்தில் காட்ட வேண்டும் என்பதால் எல்லா ரோபோக்களும் எல்லா வேலையையும் செய்துகொண்டே இருக்கும். நெருக்கடி வேண்டும், கடைசி நொடியில் ஒரு வெற்றி வேண்டும். இந்த ஆசையில் கடிகாரம் நழுவுகிறது.

மூன்றாவது காரணத்தை எவரும் அதிகம் பேசுவதில்லை. விதி எழுதியவரும் படம் எடுப்பவரும் ஒரே அறையில் உட்காருவதில்லை. விதி எழுதியவருக்குக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும்: வரைந்த கோட்டின் உள்விளிம்பிலா, வெளிவிளிம்பிலா, கோட்டுக்கு மேலே வானத்திலும் எல்லை உண்டா என்பதெல்லாம். கலைஞருக்குத் தெரிவது, தரையில் ஒரு சிவப்புப் பட்டை இருக்கிறது என்பது மட்டும்.

கர்நாடகம் 2012இலேயே அனிமேஷன், கணினி விளையாட்டுத் துறைக்கெனத் தனிக் கொள்கை வகுத்த மாநிலம். அப்படி ஒன்றை வகுத்த முதல் மாநிலமும் அதுதான். பெங்களூரில் அனிமேஷன் கலைஞர்களுக்கும் ரோபோ மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் சந்திக்காமல் ஒரே ஊரில் வாழ்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

தவறாகப் பிடிப்பது

மீறலைத் தேடுபவரும் தவறுவார். அகலக் கோண கேமராவை வைத்து எடுத்த காட்சியில் ஓரத்தில் இருக்கும் பொருள் நீண்டு தெரியும். அங்கே அளந்தால் கணக்குத் தப்பும். சாய்வான கோணத்தில் உயரத் தூக்கிய கை கோட்டுக்கு அப்பால் இருப்பதுபோலத் தோன்றும்; நேர் மேலிருந்து பார்த்தால் உள்ளேயே இருக்கும். அளவைப் பற்றிய புகாரை, நேர் மேலிருந்தோ நேர் பக்கத்திலிருந்தோ எடுத்த ஃபிரேம் கிடைத்தால் மட்டுமே எழுப்ப வேண்டும். நேரத்தைப் பற்றிய புகாருக்கு வெட்டு இல்லாத காட்சி தேவை. நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் படத்தில் 5 நொடி என்பது 150 ஃபிரேம். நடுவில் காட்சி மாறியிருந்தால் இடையில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

அடுத்து, தண்டம் உள்ள செயல் எல்லாம் பிழையான காட்சி ஆகாது. எதிரணியின் பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைவது பல ஆட்டங்களில் ஃபவுல். அது ஆட்டத்தில் நடக்கும், நடந்தால் எதிரணிக்குப் புள்ளி போகும். இதைக் கற்பிக்கவே படத்தில் காட்டியிருக்கலாம். நடுவர் கொடி தூக்குவதும் புள்ளி மாறுவதும் தெரிந்தால் அது பாடம். எதுவும் தெரியாமல் ஆட்டம் தொடர்ந்தால் அது பிழை.

நான் பரிந்துரைப்பது ஓர் எளிய ஒழுங்கு. முதல் தடவை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்து, கண்ணில் பட்டதை மட்டும் நிமிடம்-நொடியோடு குறிக்க வேண்டும். பிறகு விதிநூலின் விளக்கச் சொற்களைப் படித்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். முதல் பட்டியலில் பாதி அடிபட்டுப் போகலாம். புதிதாகச் சில சேரும். எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் எதிரே விதி எண் எழுத வேண்டும். விதி எண் கிடைக்காத புகார் இரண்டில் ஒன்று: நம் கற்பனை, அல்லது விதிநூல் சொல்ல மறந்த ஒன்று. இரண்டாவது வகைதான் கேள்வியாக அனுப்பத் தகுந்தது.

எது செல்லும்?

முரண்பட்டால் விதிநூலே செல்லும் என்பதில் எந்தப் போட்டிக்கும் ஐயமில்லை. ஆனால் விதிநூலை எப்படிப் படிப்பது என்பதில் மரபுகள் வேறுபடுகின்றன. ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் விதிநூல், தன் வாசகம் என்ன சொல்கிறதோ அதை மட்டுமே கொள்ள வேண்டும், உள்நோக்கத்தை ஊகிக்கக்கூடாது என்று முன்கூட்டியே அறிவிக்கிறது. வெக்ஸ் என்ற மற்றொரு ரோபோ போட்டியின் விதிகள், படிப்பவர் பொதுப்புத்தியைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு விதியாகவே வைத்திருக்கின்றன. ரோபோகானில் விதிநூலோடு கேள்வி-பதில்களையும் சேர்த்தே படிக்கிறார்கள். எழுதாத இடத்தில் நடுவரின் முடிவு நிற்கும்.

முதல் மரபில் ஒரு சிக்கல் இருக்கிறது. உள்நோக்கத்தை ஊகிக்காதே என்கிறது புத்தகம். அதனோடு வெளியாகும் படமோ உள்நோக்கத்தைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை. இந்த ஆட்டம் இப்படி ஆடப்பட வேண்டும் என்று அமைப்பாளர் மனதில் வைத்திருக்கும் சித்திரம் அதுதான். ஆகவே படத்துக்கும் வாசகத்துக்கும் இடையே விரிசல் தெரிந்தால், அமைப்பாளர் நினைத்தது ஒன்று, எழுதியது வேறொன்று என்ற சாத்தியமும் உண்டு. சில சமயம் படம் சரி, வாசகம் பிழை. திருத்த வேண்டியது விதியாக இருக்கலாம். இந்தச் சாத்தியத்தை 'அது வெறும் படம்' என்ற பதில் முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

படத்துக்கு நம்பகத்தன்மையை எது தருகிறது என்பதற்குப் பெங்களூரிலேயே சான்று உண்டு. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, பீனியாவில் உள்ள இஸ்ரோவின் தொலை அளவீட்டு மையத்தின் திரையில், நிலவில் இறங்கிக்கொண்டிருந்த விக்ரம் கலத்தின் புள்ளி, குறித்த பாதைக் கோட்டை விட்டு விலகியது. ஒருவரும் அறிவிப்பதற்கு முன்பே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஏதோ தவறு என்று புரிந்தது. அந்தப் புள்ளியைக் கலைஞர் கை நகர்த்தவில்லை. கலம் அனுப்பிய எண்கள் நகர்த்தின. கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. முறையீட்டின்போது காட்டும் பந்துப் பாதையும் அப்படியே. கேமராக்கள் அளந்த தரவிலிருந்து வருகிறது. அதனால்தான் அம்பயரின் தீர்ப்பை மாற்றும் தகுதியும் அதற்குக் கிடைத்தது. ரோபோ ஆட்டத்தின் விளக்கப்படமும் இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்ட கணினி ஒத்திகையில் ஓடி, அளவெல்லைகளும் எண்ணிக்கை வரம்புகளும் நிரலிலேயே கண்காணிக்கப்பட்டால், பாதி மீறல்கள் பிறக்கவே மாட்டா. இதற்கான திறந்தமூல மென்பொருள்கள் ஏற்கெனவே ரோபோ மாணவர்கள் கையில் இருக்கின்றன. பெங்களூரின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம் மாணவர்களுக்கு 2024இல் ரோவர் ஊர்தியையும் அடுத்ததாக ட்ரோனையும் சவாலாக வைத்தது. அத்தகைய தன்னியக்கச் சவால்களுக்குத் தயாராகிறவர்கள் முதலில் ஒத்திகை மென்பொருளில்தான் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

யாருக்கு இது முக்கியம்

ஃபர்ஸ்ட் விதிநூல் நூறு பக்கத்தைத் தாண்டும். ஆங்கிலம், அதிலும் சட்ட ஆவணத்தின் ஆங்கிலம். ஆங்கிலம் சரளமாக வரும் தனியார் பள்ளி மாணவருக்கு அது சலிப்பூட்டும் புத்தகம், அவ்வளவுதான். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் நாடெங்கும் பத்தாயிரம் பள்ளிகளில் சோதனைக்கூடங்கள் அமைத்திருக்கிறது. அவற்றில் அரசுப் பள்ளிகளும் உண்டு. கன்னடத்திலும் தமிழிலும் பாடம் படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் அங்கே மோட்டாரைத் தொட்டுப் பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்கு விதிநூல் எட்டாது. எட்டுவது படம் மட்டுமே. மொழி தேவைப்படாத ஒரே ஆவணம் அதுதான். அது பிழையாக இருந்தால், ஆங்கிலம் தெரிந்த அணி புத்தகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். தெரியாத அணி பிழையை நம்பி ரோபோ கட்டும். ஒரே படம் இரண்டு பிள்ளைகளை இரண்டு விதமாக நடத்துகிறது. இதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

தூர்தர்ஷனின் தேசிய ரோபோகானில் அணிகள் முதலில் வடிவமைப்பு ஆவணமும் பிறகு செயல்விளக்க வீடியோவும் அனுப்பித் தேர்வாக வேண்டும். அணியின் வீடியோவில் விதிமீறல் இருந்தால் நடுவர்கள் பார்த்துச் சொல்வார்கள், மதிப்பெண் குறையும். மாணவர் எடுத்த படத்துக்கு உள்ள இந்தத் தணிக்கை, அமைப்பாளர் எடுத்த படத்துக்கும் இருப்பதுதான் முறை. வெளியிடும் முன் விதிக்குழுவில் படமெடுப்பில் கலந்துகொள்ளாத ஒருவர் விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்க வேண்டும். திருத்த நேரமில்லாத பிழைகளை 'படத்தில் இந்த நொடியில் காண்பது விதிப்படி இல்லை' என்று விதிநூலோடு ஒரு பக்கமாக வெளியிடலாம். ஒவ்வொரு காட்சியின் மூலையிலும் அது காட்டும் விதியின் எண்ணைப் பொறிக்கலாம். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

இந்த ஊரில் நாமே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. ஒக்கலிபுரத்தைச் சுற்றியுள்ள பள்ளிகளில் லகோரி ஆடத் தெரியாத பிள்ளை அரிது. 2022 ஆட்டத்தின் படத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே உங்கள் ஆட்டத்திலிருந்து விலகுகிறது, எங்கே நடக்க முடியாததைக் காட்டுகிறது என்று கேட்கலாம். அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எதிரே விதியைத் தேடவைக்கலாம். இதற்கு ஒரு கணினி வேண்டும், ஓர் அளவுகோல் வேண்டும், விதிநூலின் விளக்கச் சொற்கள் பகுதி தமிழிலும் கன்னடத்திலும் வேண்டும். முதல் இரண்டும் பள்ளியிலேயே கிடைக்கும். மூன்றாவதை எழுத, நகரத்தின் பொறியியல் கல்லூரி அணிகளில் இருக்கும் தமிழ், கன்னட மாணவர்கள் சில வார இறுதிகளை ஒதுக்கினால் போதும்.